கண்ணுக்கு ஒரு கணக்கு, காய்க்கு ஒரு கணக்கு

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உங்க தொழிலைப் பத்திப் பேசுங்க, ஆனா பசங்களுக்குப் பிரயோசனமா இருக்கணும்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் இங்கே இயற்பியல் படித்தவன். கம்ப்யூட்டர் அனிமேஷன் தொழிலில் இருப்பவன். சினிமாக்காரர்களைப் பற்றி ஏதாவது சொல்வேன் என்று சிலர் எதிர்பார்க்கலாம். நம் தேனி மாவட்டம் சினிமாவுக்குக் கொடுத்தவர்களைப் பற்றி, அல்லிநகரம் பாரதிராஜா, பண்ணைப்புரம் இளையராஜா, வடுகபட்டி வைரமுத்து என்று, மேடைக்கு மேடை பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். நான் இன்றைக்கு இரண்டே இரண்டு எண்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஒன்று ஃபிரேம் ரேட். இன்னொன்று சப்-ஸ்டெப். இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதால் நம் பிள்ளைகளுக்கு எத்தனை இரவு வீணாகிறது என்பதை நான் நேரில் பார்ப்பவன்.

முதலில் ஃபிரேம் ரேட். சினிமா என்பது ஓடும் படம் அல்ல, நின்ற படங்களின் வரிசை என்பது உங்களுக்குத் தெரியும். சினிமாவுக்கு நொடிக்கு 24 படம். நம் நாட்டுத் தொலைக்காட்சி பால் முறையைப் பின்பற்றியதால் அதற்கு 25. கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் 60 என்பது சாதாரணம். இந்த எண் யாருக்காக? பார்ப்பவனுடைய கண்ணுக்காக. அவ்வளவுதான்.

நம் பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டிச் சக்கரத்தில் 12 ஆரக்கால் என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் நொடிக்கு 2 சுற்று சுற்றினால், 24-இல் ஒரு பங்கு நொடியில் ஓர் ஆரக்கால் சரியாக அடுத்த ஆரக்கால் இருந்த இடத்துக்கு வந்துவிடும். நொடிக்கு 24 படம் எடுக்கும் கேமராவில் சக்கரம் நின்றுபோனது மாதிரித் தெரியும். ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள சக்கரமானால் அது மணிக்கு சுமார் 34 கிலோமீட்டர் வேகம். கொஞ்சம் வேகம் குறைந்தால் சக்கரம் பின்னால் சுற்றுவது மாதிரிக்கூடத் தெரியும். ஆனால் காளைகள் என்னவோ முன்னால்தான் ஓடுகின்றன. தப்பு பார்வையில், வண்டியில் இல்லை.

இனி சப்-ஸ்டெப்புக்கு வருகிறேன். அனிமேஷன் சாஃப்ட்வேரில் ஒரு பொருளைக் கீழே போடச் சொல்கிறோம். ஈர்ப்பு விசை, மோதல், உராய்வு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே கணக்குப் போடுகிறது. இதைத்தான் சிமுலேஷன் என்கிறோம். கம்ப்யூட்டருக்குத் தொடர்ச்சியான காலம் கிடையாது. ஒரு கணத்தில் பொருள் எங்கே, எந்த வேகத்தில் இருக்கிறது என்று பார்க்கும், ஒரு தாவு தாவும், மறுபடி பார்க்கும். இரண்டு பார்வைகளுக்கு இடையில் நடந்தது அதற்குத் தெரியாது. ஒரு ஃபிரேமுக்குள் எத்தனை தடவை இப்படிப் பார்க்க வேண்டும் என்பதுதான் சப்-ஸ்டெப்.

தேனியிலிருந்து கம்பம் போகும் நேர் ரோட்டில் ஒருவர் ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தால் பெரும்பாலும் தப்பித்துவிடுவார். (யாரும் முயற்சி செய்து பார்க்க வேண்டாம்!) அதே மனிதர் போடிமெட்டு மலைப்பாதையில், 17 கொண்டை ஊசி வளைவுகளில், அதே ஒரு நொடி கண்ணை மூடினால் என்ன ஆகும்? எத்தனை தடவை கண்ணைத் திறக்க வேண்டும் என்பதை ரோட்டின் நீளம் முடிவு செய்வதில்லை. வளைவும் வேகமும்தான் முடிவு செய்கின்றன. சப்-ஸ்டெப்பும் அப்படித்தான்.

என்னிடம் வேலை கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகள் வழக்கமாகக் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, சப்-ஸ்டெப் எத்தனை வைக்கட்டும்?" நான் திருப்பிக் கேட்பேன், "எதுக்குப்பா? ஏலக்காய்க்கா, தேங்காய்க்கா?" சிரிப்பார்கள். ஆனால் கேள்வி சிரிப்புக்குரியது அல்ல. கணக்கைப் பாருங்கள்.

பத்து மீட்டர் உயரத் தென்னையிலிருந்து ஒரு தேங்காய் விழுகிறது. நாம் இங்கே முதலாண்டில் படித்த சூத்திரம்தான். தரைக்கு வரும்போது அதன் வேகம் நொடிக்கு 14 மீட்டர். அதாவது சினிமாவின் ஒரு ஃபிரேமுக்குள் 58 சென்டிமீட்டர் நகர்கிறது. கீழே ஒரு ஓட்டுக் கூரை இருக்கிறது; ஓட்டின் கனம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர். ஃபிரேமுக்கு ஒரு தடவை மட்டும் கணக்குப் போட்டால், ஒரு பார்வையில் தேங்காய் கூரைக்கு மேலே இருக்கும். அடுத்த பார்வையில் கூரைக்குக் கீழே இருக்கும். மோதல் நடந்ததே கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஓடு உடையாமல் தேங்காய் வீட்டுக்குள் வந்துவிடும்!

இதற்கு நான் கைக்கணக்காக வைத்திருக்கும் விதி: ஒரு சப்-ஸ்டெப்பில் பொருள் தன் கனத்தில் பாதிக்கு மேல் நகரக் கூடாது. தேங்காயின் விட்டம் 20 சென்டிமீட்டர் என்றால் பாதி 10. 58-ஐ 10-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 6. ஆக, தேங்காய்க்கு ஃபிரேமுக்கு 6 சப்-ஸ்டெப் போதும்.

இப்போது ஏலக்காய். போடியில் ஏலக்காயைச் சல்லடையில் சலித்து மில்லிமீட்டர் கணக்கில் தரம் பிரிப்பார்கள் என்பது உங்களில் பலருக்கு வீட்டுச் செய்தி. 8 மில்லிமீட்டர் காய் நல்ல விலை போகும் தரம். அது ஒரே ஒரு மீட்டர் உயரத்திலிருந்து சாக்கு விரிப்பில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். வேகம் நொடிக்கு 4.4 மீட்டர்தான், தேங்காயின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஆனாலும் ஒரு ஃபிரேமில் 18 சென்டிமீட்டர் நகர்கிறது. காயின் கனத்தில் பாதி 4 மில்லிமீட்டர். வகுத்துப் பாருங்கள், 46 வருகிறது. மெதுவாக விழுகிற சின்னக் காய்க்கு, வேகமாக விழுகிற பெரிய காயைவிட ஏழெட்டு மடங்கு சப்-ஸ்டெப் தேவை!

இன்று நம் மாணவர்கள் அதிகம் பயன்படுத்தும் பிளெண்டர் சாஃப்ட்வேர் இலவசம். கெட்டியான பொருள்களின் சிமுலேஷனுக்கு அது தானாக வைத்திருக்கும் எண் ஃபிரேமுக்கு 10. மாயா சாஃப்ட்வேரின் துணி சிமுலேஷனில் தானாக இருக்கும் எண் 3. இவற்றை எழுதிய பொறியாளர்கள் நம் ஊர் ஏலக்காயை நினைத்து எழுதவில்லை. பொதுவாக ஒரு எண் போட்டிருக்கிறார்கள். தேங்காய்க்கு அந்த 10 தாராளம். ஏலக்காய்க்கு அது போதாது; காய்கள் சாக்கைத் துளைத்துக்கொண்டு போகும், அல்லது ஒன்றுக்குள் ஒன்று புகுந்து பொரி மாதிரித் தெறிக்கும்.

"அப்படின்னா பேசாம 200 வெச்சுட்டா என்ன?" என்று ஒரு தங்கை கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு சப்-ஸ்டெப் கணக்குப் போட உங்கள் கம்ப்யூட்டருக்கு அரை நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து நொடிக் காட்சி என்றால் 240 ஃபிரேம். சப்-ஸ்டெப் 10 வைத்தால் 20 நிமிடம். 46 வைத்தால் ஒன்றரை மணி நேரம். 200 வைத்தால் 6 மணி 40 நிமிடம். ஒரு தடவைக்கு! இயக்குநர் "கொஞ்சம் இடது பக்கம் விழட்டுமே" என்று சொல்லிவிட்டால் மறுபடி ஒரு 6 மணி 40 நிமிடம். நூறு கம்ப்யூட்டர் உள்ள பெரிய ஸ்டுடியோவில் இது பரவாயில்லை. வீட்டில் கடன் வாங்கி ஒரே ஒரு கம்ப்யூட்டர் வைத்திருக்கும் கூடலூர்ப் பையனுக்கு அது ஒரு ராத்திரி. மறுநாள் காலையில் வேலை கொடுக்க வேண்டியவனுக்கு அந்த ராத்திரிதான் மூலதனம். அரைத் தாளில் போடுகிற வகுத்தல் கணக்கு அதை மீட்டுக் கொடுக்கிறது.

இன்னொரு சங்கதி. பிளெண்டரின் பழைய பதிப்புகள் "நொடிக்கு எத்தனை?" என்று கேட்டன, தானாக இருந்த எண் 60. பிறகு வந்த பதிப்புகள் "ஃபிரேமுக்கு எத்தனை?" என்று கேட்கின்றன. இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் பழைய பாடத்தில் படித்த எண்ணைப் புதியதில் போடுகிறவர்கள் உண்டு. ஃபிரேமுக்கு என்று வந்துவிட்டால் இரண்டு எண்களும் ஒன்றோடொன்று பிணைந்துவிடுகின்றன. 24 ஃபிரேம், 10 சப்-ஸ்டெப் என்றால் நொடிக்கு 240 கணக்கு. 25 ஃபிரேம் ஆக்கினால் 250. தாவலின் அளவு மாறிவிட்டது.

"பத்து மட்டும்தானே வித்தியாசம்" என்று நினைக்கக் கூடாது. ஒரு விளம்பரப் படத்தில் ஏலக்காய் குவியலாக வந்து விழும் காட்சி. குவியலின் வடிவம், மேலே வந்து உட்காரும் ஒரு காய் உட்பட, எல்லோரும் பார்த்து ஒப்புக்கொண்டாயிற்று. கடைசி நாளில், "இது டிவிக்குத்தானே, 25-க்கு மாத்திக் கொடுங்க" என்றார்கள். மாற்றினோம். குவியலே வேறு குவியலாகிவிட்டது. அந்தக் காய் கீழே உருண்டு போயிற்று. நூற்றுக்கணக்கான பொருள்கள் ஒன்றோடொன்று மோதும்போது முதல் மோதலில் வரும் தலைமுடியளவு மாற்றம் இருபதாவது மோதலில் முழம் அளவு ஆகிவிடும். ஆகவே எந்த வேலையிலும் முதல் கேள்வி, "இது எங்கே ஓடப்போகிறது, ஃபிரேம் ரேட் என்ன?" என்பதாக இருக்கட்டும். அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சிமுலேஷன் அதற்குப் பிறகுதான்.

துணி விஷயம் இன்னும் நுட்பமானது. ஆண்டிபட்டி சக்கம்பட்டிச் சேலையைக் கொடியில் காயப்போட்டுக் காற்றில் ஆடவிடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். துணியை ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஸ்பிரிங்குகளாகத்தான் கம்ப்யூட்டர் பார்க்கிறது. ஊஞ்சல் ஆட்டுகிறவர் கண்ணை மூடிக்கொண்டு தாமதமாகத் தாமதமாகத் தள்ளினால், தள்ளக் கூடாத நேரத்தில் தள்ளி ஊஞ்சலைத் தாறுமாறாக்குவார் அல்லவா? விறைப்பான ஸ்பிரிங்கைப் பெரிய தாவலில் கணக்குப் போட்டாலும் அதேதான். ஒவ்வொரு தாவலிலும் இல்லாத ஆற்றல் சேர்ந்து, சேலை வெடித்துச் சிதறும்.

இதற்கு 1998-இல் டேவிட் பராஃப், ஆண்ட்ரூ விட்கின் இருவரும் ஒரு வழி காட்டினார்கள். பெரிய தாவலிலும் துணி வெடிக்காமல் இருக்கும் கணக்கு முறை அது. அடுத்த ஆண்டு, 1999-இல், ஜோஸ் ஸ்டாம் நீருக்கும் புகைக்கும் அப்படி ஒரு முறையைக் கொடுத்தார். தொழிலே மாறிப்போனது. ஆனால் இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. பெரிய தாவலில் அந்த முறைகள் ஆற்றலைத் தின்றுவிடும். சேலை எண்ணெயில் ஊறியது மாதிரி மந்தமாக ஆடும். அருவி கூழ் மாதிரி விழும். வெடிக்கவில்லை என்பதால் சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. 2019-இல் மைல்ஸ் மேக்லின், மத்தியாஸ் முல்லர் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே பெரிய தாவலுக்குள் பத்துத் தடவை திருத்திக்கொண்டிருப்பதைவிட, பத்துச் சின்னத் தாவல்களில் ஒவ்வொரு தடவை திருத்துவது மேல் என்று காட்டினார்கள். பெரிய தாவலில் தொடங்கிய பயணம் இருபது ஆண்டு கழித்துச் சின்னத் தாவலுக்கே திரும்பி வந்திருக்கிறது.

துணி வேலை செய்கிறவர்கள் வரிசையையும் நினைவில் வையுங்கள். பல சாஃப்ட்வேர்களில் சப்-ஸ்டெப்பைக் கூட்டினால் துணியின் விறைப்பும் கூடிவிடும். பருத்திச் சேலையாக இருந்தது தார்ப்பாய் ஆகிவிடும். ஆகவே முதலில் ஃபிரேம் ரேட், இரண்டாவது பொருளின் உண்மையான அளவு, மூன்றாவது சப்-ஸ்டெப், கடைசியில்தான் விறைப்பும் மற்றதும். தலைகீழாகப் போனால் வாரக்கணக்கில் ஒன்றையே திருகிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பொருளின் உண்மையான அளவு என்றேனே, அது கம்ப்யூட்டருக்கு முன்பே சினிமாக்காரர்களுக்குத் தெரிந்த பாடம். சின்ன மாதிரி அணை கட்டி உடைத்துப் படம் எடுப்பார்கள். நிஜத்தில் 25-இல் ஒரு பங்கு மாதிரி என்றால், 25-இன் வர்க்கமூலம் 5. கேமராவை ஐந்து மடங்கு வேகத்தில், நொடிக்கு 120 ஃபிரேமில் ஓட்ட வேண்டும். பிறகு 24-இல் திரையிட்டால்தான் தண்ணீர் பெரிய தண்ணீராகத் தெரியும். பிளெண்டரிலும் ஏலக்காயை ஒரு மீட்டர் நீளத்துக்கு வரைந்துவிட்டால் அது ஏலக்காய் மாதிரி விழாது. பாறாங்கல் மாதிரி மெதுவாக விழும். சப்-ஸ்டெப்பை எவ்வளவு கூட்டினாலும் அது தீராது.

அணை என்று சொல்லிவிட்டேன். நம் பள்ளத்தாக்கில் அந்தச் சொல்லைச் சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. 1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீரில்தான் நம் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிறது. 2011-இல் அந்த அணையை வைத்து எல்லையில் எத்தனை பதற்றம் இருந்தது என்பதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த நவம்பரில்தான் அணை உடைவதைக் காட்டும் "டேம் 999" திரைப்படத்தைத் தமிழ்நாடு அரசு தடை செய்தது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீர் தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது. நான் அரசியல் பேச வரவில்லை. என் தொழில் சம்பந்தப்பட்ட ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

அணை உடைந்து தண்ணீர் பாயும் அனிமேஷனைப் பார்த்தால் யாருக்கும் வயிறு கலங்கும். ஆனால் அதைச் செய்கிற கலைஞன் ஈர்ப்பு விசையைக்கூடக் கூட்டிக் குறைத்து, இயக்குநர் "ஆகா" என்று சொல்லும் வரை எண்களைத் திருகுவான். அது அவன் தொழில் தர்மம்; தப்பில்லை. பொறியாளர் செய்யும் வெள்ளக் கணக்கு வேறு ஜாதி. அங்கே 1928-இல் கூரண்ட், ஃபிரெட்ரிக்ஸ், லெவி என்ற மூன்று கணித மேதைகள் சொன்ன விதி நிற்கிறது: ஒரு தாவலில் அலை ஒரு கட்டத்தைத் தாண்டிவிடக் கூடாது. 40 மீட்டர் ஆழத் தண்ணீரில் அலை நொடிக்கு சுமார் 20 மீட்டர் போகும். நிலத்தை 10 மீட்டர் கட்டங்களாகப் பிரித்தால் ஒரு தாவல் அரை நொடிக்கு மேல் போகக் கூடாது. ஏலக்காய்க்கோ நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு தேவைப்பட்டது! தாவலின் அளவு பொருளின் பெருமையைப் பார்ப்பதில்லை என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு பரீட்சை இருக்கிறது. தாவலைப் பாதியாக்கி, அதாவது சப்-ஸ்டெப்பை இரண்டு மடங்காக்கி, மறுபடி ஓட்டிப் பாருங்கள். மொத்தத்தில் விடை மாறவில்லை என்றால் முதல் எண்ணே போதும். விடை மாறினால் முதல் விடையை நம்பாதீர்கள். தனித்தனிக் காய் எங்கே விழுந்தது என்பது மாறலாம். குவியலின் உயரம், பரப்பு, அடங்க எடுத்த நேரம் இவை மாறக் கூடாது. பொறியாளர் இந்தப் பரீட்சையை முடித்துவிட்டு, அளந்த நிஜத்தோடும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும். செல்போனில் வருகிற அணை உடையும் படத்துக்கு அந்தக் கையெழுத்து இல்லை. அதைப் பார்த்து லோயர் கேம்ப்பில் இருப்பவரும் பயப்பட வேண்டாம், மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவரும் பயப்பட வேண்டாம். நாளைக்கு நம் கல்லூரிப் பிள்ளைகளில் ஒருவரிடம் அப்படி ஒரு படம் செய்யச் சொல்லி யாராவது கேட்கலாம். செய்வதானால், இது கற்பனைக் காட்சி என்று படத்திலேயே எழுதிவிடுங்கள். கண்ணை நம்பவைக்கும் வித்தையைக் கற்றவனுக்கு அந்தப் பொறுப்பு உண்டு.

மாணவச் செல்வங்களே, பெரிய நகரத்துப் பிள்ளைகளிடம் வேகமான கம்ப்யூட்டர் இருக்கலாம். உங்களிடம் ஏலக்காய் எப்படி உருளும், நெல் எப்படிச் சரியும், பன்னீர்த் திராட்சைக் கொத்து எப்படிக் கனத்துத் தொங்கும் என்ற அனுபவம் இருக்கிறது. அதோடு இங்கே ஆசிரியர்கள் சொல்லிக் கொடுக்கும் வேகம், காலம், தூரம் என்ற மூன்றும் இருக்கிறது. சாஃப்ட்வேரைத் திறப்பதற்கு முன் ஒரு காகிதத்தை எடுத்து, எது மிக வேகமாகப் போகிறது, எது மிக மெல்லியது என்று இரண்டை எழுதி வகுத்துப் பாருங்கள். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் உங்களில் யாராவது ஏலக்காய்க் குவியல் ஒன்றைச் செய்து கொண்டுவந்து காட்டினால், எத்தனை சப்-ஸ்டெப் என்று நான் கேட்க மாட்டேன். ஏன் அத்தனை என்றுதான் கேட்பேன். பதிலோடு வாருங்கள்.